யு.பி.எஸ். வாங்கத்தான் வேண்டுமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கச் செல்லும் அனைவரும் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. சி.பி.யூ., மானிட்டர், கீ போர்ட், மவுஸ் என எல்லாவற்றிற்கும் விலை பேசி முடித்து பில் போடும் நேரத்தில் கடைக்காரர், "சார், யு.பி.எஸ். ஒன்று சேர்த்துப் போட்டு விடட்டுமா?" என்று கேட்பார். சிலர் உடனே சரி என்று தலையாட்டி விடுவார்கள். சிலர், "எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, வேண்டாம்" என்பார்கள். வேறு சிலர், "இப்போதெல்லாம் கரண்ட் அவ்வளவாகப் போவதில்லையே" என்று மறுத்து விடுவார்கள்.

இந்த மூன்று பதில்களும் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டிற்கு வரும் மின்சாரம் எப்படி இருக்கிறது, கம்ப்யூட்டரில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான தகவல்களை இங்கு பார்க்கலாம்.

யு.பி.எஸ். எதற்காக?

முதலில் பலரிடமும் உள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக் கொள்வோம். யு.பி.எஸ். என்பது கரண்ட் இல்லாதபோது தொடர்ந்து வேலை பார்ப்பதற்காக அல்ல. வேலையை ஒழுங்காக முடித்து, பைலை சேவ் செய்து, கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்வதற்குச் சில நிமிடங்களைத் தருவதுதான் அதன் பணி. "அரை மணி நேரம் கூட வரவில்லையே, ஏமாற்றி விட்டார்கள்" என்று வருந்துபவர்கள் இதனை அறியாமல் வாங்கியவர்களே.

கரண்ட் போனால் என்ன நடக்கிறது?

நீங்கள் டைப் செய்யும் எழுத்துகள் உடனே ஹார்ட் டிஸ்க்கிற்குச் செல்வதில்லை. அவை முதலில் ராம் நினைவகத்தில் இருக்கின்றன. மின்சாரம் நின்ற நொடியில் ராம் காலியாகி விடும். எனவே கடைசியாக சேவ் செய்ததற்குப் பின் செய்த வேலை அனைத்தும் போய்விடும். வேர்ட் புரோகிராம் தானாகவே 10 நிமிடங்களுக்கு ஒரு முறை மீட்புப் பிரதி ஒன்றை எடுத்து வைக்கும் வகையில் அமைக்கப்பட்டிருக்கும். அப்படியும் கடைசி சில நிமிட வேலை போய்விடலாம்.

இதைவிடப் பெரிய பிரச்னை, டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எப்.எஸ். பைல் அமைப்பு, தான் செய்யப்போகும் மாற்றங்களைக் குறித்து வைத்துக் கொண்டு செயல்படுவதால், டிஸ்க்கின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பி விடும். ஆனால் அந்த நேரத்தில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த உங்கள் பைல் பாதியில் நின்று கெட்டுப் போகலாம். விண்டோஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டர் மீண்டும் பூட் ஆகாமல் அடம் பிடிக்கலாம். மதர்போர்டின் பயாஸ் அப்டேட் நடுவில் நின்றால், மதர்போர்டையே சர்வீஸுக்கு எடுத்துச் செல்ல வேண்டி வரலாம். இப்போது பரவலாக உள்ள எஸ்.எஸ்.டி. டிரைவ்களில் சுழலும் தட்டுகள் இல்லை. ஆனாலும் எழுதும்போது மின்சாரம் நின்றால் அவற்றிலும் டேட்டா கெட வாய்ப்பு உண்டு.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தமிழ் டைப்பிங் பழகிக் கொண்டு, மெதுவாகத் தன் ஊர் வரலாற்றை எழுதி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பக்கத்திற்கு அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒரு நொடி கரண்ட் போனதில் அந்தப் பக்கம் போனால் அவருக்குப் பண நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு முறை அப்படி நடந்தால் அவர் எழுதுவதையே விட்டு விடலாம். யு.பி.எஸ். தேவையா என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

மூன்று வகைத் தொல்லைகள்

மின்சாரத் தொல்லைகளை மூன்றாகப் பிரிக்கலாம். உங்கள் வீட்டில் எது அதிகம் என்று தெரிந்தாலே பாதி முடிவு கிடைத்து விடும்.

1. நீண்ட நேர மின்தடை: மாதாந்திரப் பராமரிப்பிற்காகக் காலையில் நிறுத்தி மாலையில் தரும் மின்தடை இந்த வகை. இதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. அன்று கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் இருந்தால் போதும். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட கஜா போன்ற புயல்களின்போது பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய நேரங்களில் சிறிய யு.பி.எஸ். எந்த வகையிலும் உதவாது.

2. கண் சிமிட்டும் மின்தடை: ஆடிக் காற்றில் கம்பிகள் உரசும்போதும், மரக்கிளை விழும்போதும், மின்வாரியத்தினர் லைன் மாற்றும்போதும் ஒரு நொடி போய் உடனே வரும் மின்தடை இது. மின்விசிறியின் வேகம் கூடக் குறையாது. ஆனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அறிவிப்பு இல்லாமல் வருவதால் டேட்டாவிற்கு ஆபத்து இதில்தான் அதிகம். யு.பி.எஸ். தன் வேலையை முழுமையாகச் செய்வதும் இதில்தான்.

3. வோல்டேஜ் ஏற்ற இறக்கம்: நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு, ஏ.சி., மோட்டார் ஓடும்போது இது வெகுவாகக் குறையலாம். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டின் ஒரு பகுதி வீட்டிற்குள் வந்து டிவி, பிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சிறிய நோட்டில் இரண்டு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். எத்தனை முறை கரண்ட் போனது? அறிவித்துப் போனதா, அறிவிக்காமல் போனதா? எவ்வளவு நேரம்? விளக்கு எத்தனை முறை மங்கிப் பிரகாசித்தது? கடைக்காரர் சொல்வதைவிட இந்த நோட்டு உங்களுக்குச் சரியான பதிலைச் சொல்லும்.

யாருக்குத் தேவையில்லை?

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யு.பி.எஸ். வேண்டாம். லேப்டாப்பின் பேட்டரிதான் அதன் யு.பி.எஸ். அந்த பேட்டரி பழுதாகி, அதனைக் கழற்றி விட்டு நேரடியாக அடாப்டரில் ஓட்டிக் கொண்டிருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போதும் யு.பி.எஸ். வாங்குவதை விடப் புதிய பேட்டரி வாங்குவதே நல்லது.

மானிட்டரும் சி.பி.யூ.வும் ஒன்றாக உள்ள ஆல் இன் ஒன் கம்ப்யூட்டரைச் சிலர் லேப்டாப் போல எண்ணி விடுகின்றனர். பெரும்பாலான ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர்களில் பேட்டரி கிடையாது. டெஸ்க்டாப் போலவே அதற்கும் பாதுகாப்பு வேண்டும்.

பாட்டு கேட்க, படம் பார்க்க, இணையத்தில் செய்தி படிக்க மட்டும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறீர்கள், வோல்டேஜும் சீராக இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பணத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிப் படங்களைக் காப்பி செய்து வைப்பது கூடுதல் பயன் தரும்.

இன்வெர்ட்டர் இருந்தால் போதாதா?

2012 ஆம் ஆண்டு மின்வெட்டு கடுமையாக இருந்தபோது தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆவதற்குக் கூட நேரம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பலரும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். எனவே இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது.

இங்கு கவனிக்க வேண்டியது, மெயின் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற எடுத்துக் கொள்ளும் நேரம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., மின்சாரம் நின்ற பின்னும் தன்னிடம் உள்ள கெப்பாசிட்டரின் உதவியால் சிறிது நேரம் தாக்குப் பிடிக்கும். தரமான எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் சுமார் 16, 17 மில்லி செகண்ட் தாங்கும். ஒரு மில்லி செகண்ட் என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விலை மலிவான எஸ்.எம்.பி.எஸ். இந்த அளவிற்குத் தாங்காது.

கம்ப்யூட்டருக்கான சாதாரண யு.பி.எஸ். பொதுவாகப் பத்து மில்லி செகண்டிற்குள் மாறி விடும். எனவே கம்ப்யூட்டர் அதனை உணர்வதே இல்லை. விளக்கு, மின்விசிறிக்கான இன்வெர்ட்டர் இதைவிட மெதுவாக மாறும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் "யு.பி.எஸ். மோட்" என்ற சுவிட்ச் இருக்கும். அதனைப் போட்டால் இன்வெர்ட்டர் வேகமாக மாறும். அத்துடன், வோல்டேஜ் ஓரளவு குறைந்தாலே பேட்டரிக்குச் சென்று விடும். லோ வோல்டேஜ் உள்ள பகுதிகளில் இதனால் பேட்டரி அடிக்கடி செலவாகும். இந்தச் சுவிட்சைப் போட்டு, எந்தப் பைலும் திறந்திராத நிலையில், மெயின் சுவிட்சை நான்கைந்து முறை அணைத்துப் பாருங்கள். ஒரு முறை கூடக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தனியே யு.பி.எஸ். தேவையில்லை. ஆகிறது என்றால் சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். அந்தச் சில மில்லி செகண்டை யு.பி.எஸ். பார்த்துக் கொள்ளும், அதன் பிறகு இன்வெர்ட்டர் பார்த்துக் கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தைச் சில யு.பி.எஸ்.கள் ஏற்றுக் கொள்ளாமல், கரண்ட் இல்லை என்றே எண்ணித் தொடர்ந்து "பீப்" ஒலி எழுப்பும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் பொதுவாக இந்தத் தொல்லை இருப்பதில்லை.

எந்த வகை?

ஆப் லைன் வகை யு.பி.எஸ்., கரண்ட் இருக்கும்வரை அதனை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பி, போனவுடன் பேட்டரிக்கு மாறும். லைன் இன்டராக்டிவ் வகையில் இத்துடன் ஏ.வி.ஆர். எனப்படும் வோல்டேஜ் சீராக்கும் அமைப்பும் உள்ளது. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் பேட்டரியைத் தொடாமலேயே சரி செய்யும். எல்லை மீறினால் மட்டும் பேட்டரிக்கு மாறும். ஆன் லைன் வகையில் மாறும் நேரமே கிடையாது. கம்ப்யூட்டர் எப்போதும் யு.பி.எஸ். உருவாக்கித் தரும் மின்சாரத்திலேயே ஓடும். இது விலை அதிகம். மருத்துவமனை, வங்கி, சர்வர் அறைகளுக்கு உரியது.

வீடுகளுக்கு லைன் இன்டராக்டிவ் வகை போதுமானது. இதனை வாங்கினால் கம்ப்யூட்டருக்குத் தனியே ஸ்டெபிலைசர் தேவையில்லை.

எத்தனை வி.ஏ. வாங்குவது?

யு.பி.எஸ். பெட்டியின் மீது 600 வி.ஏ., 1000 வி.ஏ. என்று போட்டிருப்பார்கள். இதனை வாட் என்று எண்ணி விடாதீர்கள். வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் வி.ஏ. அளவில் 60 சதவீதமே வாட் அளவு. அதாவது 600 வி.ஏ. என்றால் 360 வாட். 1000 வி.ஏ. என்றால் 600 வாட். பெட்டியில் வாட் அளவும் சிறிய எழுத்தில் இருக்கும். அதனைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து உங்கள் கம்ப்யூட்டரின் தேவை. எஸ்.எம்.பி.எஸ். மீது 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவ்வளவும் செலவாகிறது என்று கருத வேண்டாம். அது அதனால் தரக்கூடிய உச்ச அளவு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப் 50 முதல் 80 வாட் வரை எடுத்துக் கொள்ளும். 22 அங்குல எல்.இ.டி. மானிட்டர் சுமார் 25 வாட். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 வாட். இதற்கு 600 வி.ஏ. தாராளம்.

விளையாட்டிற்கும் வீடியோ எடிட்டிங்கிற்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் தேவை 300, 400 வாட்டைத் தாண்டும். அவர்கள் 1000 வி.ஏ. அல்லது அதற்கு மேல் பார்க்க வேண்டும். இத்தகைய கம்ப்யூட்டர்களில் உள்ள ஆக்டிவ் பி.எப்.சி. வகை எஸ்.எம்.பி.எஸ். சில, விலை குறைந்த யு.பி.எஸ்.களுடன் ஒத்துப் போவதில்லை. கரண்ட் போனவுடன் கம்ப்யூட்டரும் அணைந்து விடும். இவர்களுக்கு சைன் வேவ் யு.பி.எஸ். நல்லது.

எத்தனை நிமிடம் கிடைக்கும்?

600 வி.ஏ. யு.பி.எஸ்.களில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று இருக்கும். 12 ஐ 7 ஆல் பெருக்கினால் 84 வாட் அவர். 100 வாட் லோடிற்கு 50 நிமிடம் கிடைக்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் கிடைக்காது. 7 ஆம்பியர் அவர் என்பது 20 மணி நேரம் மெதுவாகச் செலவழிக்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக எடுக்கும்போது பேட்டரி குறைவாகவே தரும். மின்சாரத்தை மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். எனவே புதிய பேட்டரியில் 15 முதல் 20 நிமிடம் எதிர்பார்க்கலாம். லோடு இரண்டு மடங்கானால் நேரம் பாதிக்கும் கீழே குறையும்.

கம்ப்யூட்டரை முறையாக நிறுத்த மூன்று நிமிடம் போதும். எனவே இது குறையல்ல.

எதை இணைக்கலாம்?

சி.பி.யூ., மானிட்டர், இணைய மோடம் அல்லது ரவுட்டர் ஆகியவற்றை இணைக்கலாம். ரவுட்டரை மறந்து விடுபவர்கள் அதிகம். ஆன் லைன் தேர்வு எழுதும் மாணவனின் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓடினாலும், ரவுட்டர் அணைந்தால் தேர்வு நின்று விடும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் ரவுட்டருக்கு மட்டும் என வரும் சிறிய 12 வோல்ட் டி.சி. யு.பி.எஸ். வாங்கிக் கொள்ளலாம். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துச் செல்லுங்கள்.

லேசர் பிரிண்டரை இணைக்கவே கூடாது. தாளில் மையை உருக்கி ஒட்டுவதற்கு அது சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும். யு.பி.எஸ். ஓவர்லோடு ஆகி, கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி ஆகியவற்றிற்கும் இதே விதிதான்.

எர்த் சரியாக உள்ளதா?

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொடும்போது "சுருக்"கென்று இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள வடிகட்டி, சிறிதளவு மின்சாரத்தை எர்த் கம்பி வழியாக வெளியேற்றும். எர்த் இல்லை என்றால் அது கேபினட்டில் தங்கி விடும். யு.பி.எஸ். வாங்குவதால் இது சரியாகாது. பல சர்ஜ் பாதுகாப்பு அமைப்புகளும் எர்த் இருந்தால்தான் முழுமையாக வேலை செய்யும். யு.பி.எஸ். வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். இது குறைந்த செலவில் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

இடிக்கு எதிராக எந்த யு.பி.எஸ்.ஸும் முழுப் பாதுகாப்புத் தராது. இடி மின்னலுடன் மழை வரும் அறிகுறி தெரிந்தவுடனேயே பவர் பிளக்கையும், இணையத்திற்கு வரும் கேபிளையும் கழற்றி விடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பின் வயர்களைத் தொட வேண்டாம்.

வாங்கிய பின்

* முதல் முறை, பெட்டியில் சொன்னபடி பல மணி நேரம் சார்ஜ் செய்யுங்கள்.

* மாதம் ஒரு முறை பைல்களை மூடி விட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் இணைப்பும் போய்விடும்.

* பேட்டரி பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டு வரும். வெப்பம் அதன் எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். வெயில் படும் ஜன்னலோரத்திலும், மேசையின் மூடிய தட்டிலும் வைக்காதீர்கள்.

* பேட்டரி போனால் யு.பி.எஸ்.ஸைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பேட்டரியை மட்டும் மாற்றலாம். பழையதில் ஈயமும் அமிலமும் இருப்பதால் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்து விடுங்கள்.

* யு.பி.எஸ்.ஸில் யு.எஸ்.பி. போர்ட் இருந்தால் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். நீங்கள் அருகில் இல்லாதபோதும், பேட்டரி குறைந்தவுடன் கம்ப்யூட்டர் தானாகவே நின்று கொள்ளும்படி அமைக்கலாம்.

முடிவெடுக்க ஐந்து கேள்விகள்

1. உங்களிடம் இருப்பது டெஸ்க்டாப் அல்லது ஆல் இன் ஒன் கம்ப்யூட்டரா?

2. உங்கள் நோட்டில், அறிவிப்பில்லாத மின்தடை வாரம் ஒரு முறையாவது பதிவாகியுள்ளதா?

3. விளக்கு அடிக்கடி மங்கிப் பிரகாசிக்கிறதா?

4. மீண்டும் செய்வதற்கு மனம் வராத வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறீர்களா?

5. இன்வெர்ட்டர் சோதனையில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனதா? (இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் "ஆம்" என்றே கொள்ளலாம்.)

முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் இங்கேயே நிறுத்திக் கொள்ளலாம்; யு.பி.எஸ். வேண்டாம். "ஆம்" என்று கூறி, ஐந்தாவதற்கும் "ஆம்" என்றால், நடுவில் உள்ள மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் யு.பி.எஸ். வாங்குங்கள். இன்வெர்ட்டர் சோதனையில் தேறி, வோல்டேஜ் மட்டும் சீராக இல்லை என்றாலும் லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ். பயன் தரும். மற்றவர்கள் அந்தப் பணத்தைக் கொண்டு ராம் கூட்டலாம். ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். யு.பி.எஸ். கரண்ட் போவதிலிருந்துதான் காப்பாற்றும். ஹார்ட் டிஸ்க் பழுதாவதிலிருந்தும், தவறுதலாக பைலை அழித்து விடுவதிலிருந்தும் காப்பாற்றாது. எனவே யு.பி.எஸ். இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து வரி டைப் செய்தவுடன் கண்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள். முக்கியமான பைல்களுக்கு இன்னொரு இடத்தில் காப்பி வைத்திருங்கள். இந்த இரண்டு பழக்கங்களுக்கும் செலவே கிடையாது. இன்றே தொடங்கி விடலாம்.